டாய்லெட் கழுவுறது: வீட்டுக்கு வீடு மாறுற பழக்கமும் அடிக்கடி வர்ற கேள்விகளும்

டாய்லெட் எப்படிக் கழுவணும்னு நாலு பேர்கிட்ட கேட்டா நாலு பதில் வரும், நாலு பேருமே தான் செய்றதுதான் சரின்னு அடிச்சு சொல்வாங்க. எங்க அம்மா தினமும் குளிக்கப் போறதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் பிரஷ் போட்டுட்டுத்தான் குளிப்பாங்க, அதுக்கு மேல ஒண்ணும் செய்ய மாட்டாங்க. அத்தை வீட்ல வாரத்துக்கு ஒரு நாள்தான், ஆனா அன்னைக்கு மூலை முடுக்கு எல்லாம் விடாம அரை மணி நேரம் ஆகும். ஹாஸ்டல்ல என் ரூம்ல இருந்த பொண்ணுக்கு பினாயில் வாசனை வந்தாத்தான் சுத்தம், கறை இருந்தா பரவால்ல. இந்த மூணு பழக்கத்துக்கு நடுவுலயும் இருந்துட்டேன், இப்போ என் வீட்ல பல வருஷமா நானும் வீட்டுக்காரரும் மாத்தி மாத்திக் கழுவுறோம். சொந்தக்காரங்களும் ஃப்ரெண்ட்ஸும் திரும்பத் திரும்பக் கேட்குற கேள்விகளை ஒரே இடத்துல போட்டுடலாம்னுதான் இது.

எத்தனை நாளைக்கு ஒரு தடவை கழுவணும்? தினமுமா, வாரம் ஒரு தடவையா?

ரெண்டுமே வேணும், ஆனா ரெண்டும் ஒரே வேலை இல்ல. தினமும் செய்றது வெறும் பிரஷ் வேலை, கெமிக்கலே தேவையில்ல, கோப்பைக்குள்ள சுத்தி ஒரு தேய் தேய்ச்சு ஃப்ளஷ் பண்ணா போதும். இது ஏன் இவ்ளோ முக்கியம்னா, யூரின் பீங்கான்ல தங்கினா அதுல இருக்கிற யூரியாவை பாக்டீரியா உடைச்சு அமோனியாவா மாத்தும், அந்த நெடி அதுதான். அமோனியா வந்ததும் அந்த இடம் காரத்தன்மைக்கு மாறிடும், உடனே யூரின்லயும் தண்ணிலயும் கரைஞ்சிருந்த கால்சியம், பாஸ்பேட் எல்லாம் கெட்டியா கல்லு மாதிரி ஒட்டிக்கும். முதல் நாள் பிரஷ்ஷுக்கே போறது பத்து நாள் கழிச்சு ஆசிட் கேட்குறதுக்குக் காரணம் இதுதான்.

வாரம் ஒரு தடவை முழுசா, அதாவது க்ளீனர் ஊத்தி, சீட், மூடி, ஃப்ளஷ் பட்டன், அடிப்பகுதி, தரை எல்லாம் சேர்த்து. நாலஞ்சு பேர் ஒரே டாய்லெட் யூஸ் பண்றீங்கன்னா வாரம் ரெண்டு தடவை. ஒருத்தர் மட்டும் இருக்கிற வீட்ல பத்து நாள் கூட தாங்கும், ஆனா பிரஷ்ஷை மட்டும் விடாதீங்க. எங்க அம்மா வழியும் அத்தை வழியும் சண்டை போடுற விஷயமே இல்ல, ரெண்டையும் சேர்த்தாத்தான் முழுசு.

கறையில நிறைய கலர் இருக்கே, ஒவ்வொண்ணும் எதனால?

இதைக் கொஞ்சம் பொறுமையா பாருங்க, ஏன்னா கறை என்னன்னு தெரிஞ்சாத்தான் எதை ஊத்தணும்னு தெரியும், பாதி பேர் தப்பான பாட்டிலைத் திரும்பத் திரும்ப ஊத்தி காசை வீணாக்குறது இங்கதான்.

மஞ்சளா, தொட்டா சொரசொரன்னு இருக்கிறது நான் மேல சொன்ன யூரின் உப்பு. வெள்ளையா இல்ல சாம்பலா தண்ணி நிக்கிற கோட்டுல வளையமா இருக்கிறது உப்புத் தண்ணிக் கறை, பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். ரெண்டுக்கும் ஆசிட் வகைதான் வேலை செய்யும். செங்கல் கலர்ல, துரு மாதிரி இருந்தா தண்ணில இரும்பு இருக்குன்னு அர்த்தம், அதுக்கும் ஆசிட் வகைதான், ப்ளீச் ஊத்தவே கூடாது, ப்ளீச் பட்டா கரைஞ்சிருக்கிற இரும்பு கூட துருவாகி கறை இன்னும் அழுத்தமாயிடும்.

கறுப்பா புள்ளி புள்ளியா விளிம்புக்குக் கீழ வர்றது பூஞ்சை, அதுக்கு ப்ளீச். ரோஸ் கலர்ல வழவழன்னு படியுறது செராஷியா மார்செசென்ஸ்ங்கிற பாக்டீரியா, ஈரமும் சோப்பு மிச்சமும் இருக்கிற இடத்துல வளரும், தேய்ச்சாலே போயிடும், திரும்பி வராம இருக்கணும்னா தேய்ச்ச பிறகு ப்ளீச் தண்ணி போட்டுத் துடைக்கணும்.

இன்னொண்ணு இருக்கு, இதை யாரும் கவனிக்க மாட்டாங்க. கோப்பையோட பின்பக்கம் மட்டும் மேலருந்து கீழ ஒரே கோடா, விரல் அகலத்துக்கு, பழுப்பா ஒரு கறை இருக்கா? அது கழுவாத குறையே இல்ல, டேங்க்ல இருந்து தண்ணி கசிஞ்சு ராத்திரி பகலா வழிஞ்சுக்கிட்டே இருக்கு. எங்க வீட்ல இந்தக் கோட்டை ஆறு மாசம் நான் தேய்ச்சேன், தேய்ச்ச மூணாம் நாள் திரும்பி வரும். அப்புறம் ஒருநாள் ஒரு டிஷ்யூ பேப்பரை அந்த இடத்துல ஒட்ட வெச்சுப் பார்த்தேன், ஃப்ளஷ் பண்ணாமலே அஞ்சு நிமிஷத்துல மேல ஓரத்துலருந்து நனைஞ்சு இறங்குது. டேங்க்ல கொஞ்சம் கலர் பொடி கரைச்சு விட்டு அரை மணி நேரம் யாரும் போகாம பார்த்தாலும் தெரியும், கோப்பைல கலர் இறங்கினா கசிவுதான். உள்ள இருக்கிற ரப்பர் வாஷரை மாத்தினதும் கோடு போயிடுச்சு, தண்ணியும் மிச்சம்.

டாய்லெட் க்ளீனர், ப்ளீச், பினாயில், மூணும் ஒண்ணுதானே?

இல்லவே இல்ல. கழுத்து வளைஞ்ச பாட்டில்ல கெட்டியா வர்ற டாய்லெட் க்ளீனர்ல பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் இருக்கும், நிறைய வகையில 10 சதவீதம் பக்கம். அது உப்பைக் கரைக்கும், கிருமியையும் ஓரளவு கொல்லும். ப்ளீச்சுங்கிறது சோடியம் ஹைப்போகுளோரைட், கிருமியையும் பூஞ்சையையும் கொல்றதுல நம்பர் ஒண்ணு, ஆனா உப்புக்கறையைக் கரைக்கவே கரைக்காது, அதை வெளுக்க மட்டும் செய்யும், கண்ணுக்கு வெள்ளையாத் தெரியும், கையால தடவினா சொரசொரப்பு அப்படியே இருக்கும், அந்த சொரசொரப்புல மறுநாளே அழுக்கு பிடிக்க ஆரம்பிச்சுடும். பினாயில் தரைக்கு. கிருமிக்கும் வாசனைக்கும் சரி, கறைக்கு ஒண்ணும் பண்ணாது. சில பாட்டில் டாய்லெட் க்ளீனர்னே போட்டிருக்கும், ஆனா உள்ள ப்ளீச் இருக்கும், அதனால பின்னாடி லேபிளைப் படிச்சிட்டுத்தான் வாங்கணும்.

ரெண்டையும் கலந்து ஊத்தினா பவர் கூடுமா?

கூடாது. தயவுசெஞ்சு பண்ணாதீங்க, இந்தப் பேஜ்ல ஒரே ஒரு பதில்தான் ஞாபகம் வெச்சுக்க முடியும்னா இதை வெச்சுக்கோங்க.

ப்ளீச்சும் ஆசிட்டும் சேர்ந்தா குளோரின் வாயு வரும். ப்ளீச்சிங் பவுடர் மேல ஆசிட் க்ளீனர் ஊத்தினாலும் அதே கதைதான், வினிகரும் ஆசிட்தான், அதையும் சேர்க்கக் கூடாது. 1915ல முதல் உலகப் போர்ல பெல்ஜியத்துல ஈப்ர் பக்கம் ஜெர்மன் படை எதிராளிங்க மேல திறந்து விட்டதும் இதே வாயுதான், அதை நாலடிக்கு நாலடி ரூமுக்குள்ள கதவைச் சாத்திக்கிட்டு நாமே தயார் பண்றோம். அமோனியா இருக்கிற க்ளீனரோட ப்ளீச் சேர்ந்தா குளோரமைன்னு வேற ஒரு வாயு, அதுவும் நெஞ்சைப் பிடிக்கும், ஃப்ளஷ் பண்ணாத யூரின் மேல ப்ளீச் ஊத்தினாலும் லேசா வரும், அதனால ப்ளீச்சுக்கு முன்னாடி ஒரு ஃப்ளஷ் கட்டாயம்.

நான் கல்யாணம் ஆன புதுசுல இதைப் பண்ணியிருக்கேன். காலைல அத்தை ப்ளீச்சிங் பவுடர் தூவி விட்டிருந்தாங்க, எனக்குத் தெரியாது, நான் போய் க்ளீனரை ஊத்தினேன். நுரை மாதிரி பொங்கி, ஒரு பச்சை மஞ்ச நெடி, மூக்குல இல்ல, நேரா தொண்டைல குத்துச்சு, கண்ணுல தண்ணி, இருமல் நிக்கல. நல்லவேளை கதவு திறந்திருந்தது, வெளிய ஓடி வந்துட்டேன், ஆனா ரெண்டு நாள் மூச்சு இழுத்தா நெஞ்சு எரிஞ்சது. அன்னைலருந்து எங்க வீட்ல ஒரு ரூல், யார் என்ன போட்டாலும் கதவுக்கு வெளிய சத்தமா சொல்லிட்டுப் போகணும், என்னைக்கும் ஒரு நாளைக்கு ஒரே கெமிக்கல்.

அப்படி ஆயிடுச்சுன்னா நின்னு ஃப்ளஷ் பண்ணிட்டு இருக்காதீங்க, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு வெளிய வந்துடுங்க, ஜன்னல் எல்லாம் திறந்து விடுங்க, மூச்சு சிரமமா இருந்தா உடனே டாக்டர்.

க்ளீனர் ஊத்தினதும் தேய்ச்சிடலாமா?

நிறைய பேர் தப்பு விடுறது இங்கதான். ஊத்தினதும் தேய்ச்சா நீங்க வெறும் கலர் தண்ணியைத் தேய்க்கிறீங்க. லேபிள்ல போட்டிருக்கிற நேரம், பெரும்பாலும் பத்து நிமிஷத்துலருந்து இருபது நிமிஷம், அப்படியே விடணும், விளிம்புக்குக் கீழ சுத்தி ஊத்தி அது மெதுவா வழியட்டும். அந்த நேரத்துல வாஷ் பேசின், சீட், பட்டன் எல்லாம் துடைச்சிடலாம். திரும்பி வரும்போது கறை தானா இளகியிருக்கும், தேய்க்கப் பலமே வேணாம். எங்க வீட்டுக்காரர் முன்னாடி கை வலிக்க வலிக்கத் தேய்ப்பார், இந்த ஒரு விஷயத்தை மாத்தினதும் பாதி வேலை குறைஞ்சதுன்னு அவரே சொன்னார்.

வினிகரும் சோடா உப்பும் சேர்த்துப் போட்டா பளபளன்னு ஆகும்னு வீடியோல காட்டுறாங்களே?

பொங்குறது பார்க்க அழகா இருக்கும். ஆனா வினிகர் ஆசிட், சோடா உப்பு காரம், ரெண்டும் ஒண்ணையொண்ணு அடிச்சு கார்பன் டை ஆக்சைடு வாயுவாப் போயிடும், மிச்சம் இருக்கிறது கிட்டத்தட்ட உப்புத் தண்ணி. ஆசிட் வேலையும் இல்ல, சோடா வேலையும் இல்ல. தனித்தனியா போடுங்க, வினிகரை ராத்திரி ஊத்தி வெச்சா லேசான உப்புக்கறை போகும், சோடா உப்பை ஈரத் துணியில தொட்டு சீட் தேய்க்கலாம், கீறல் விழாது. வினிகரை விட சிட்ரிக் ஆசிட் பொடி நல்லா வேலை செய்யுது, மூக்கைத் துளைக்கிற வாடையும் இல்ல, கடும் நெடி ஒத்துக்காத வீட்டுக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஆனா வீட்ல யாருக்காவது வயித்துப்போக்குன்னா இது ரெண்டையும் நம்பாதீங்க, அதுக்குத் தனியா கீழ எழுதியிருக்கேன்.

லூஸ்ல விக்கிற ஆசிட் ஊத்தலாமா? ஒரே நிமிஷத்துல வெள்ளையாகுதே?

ஆகும், அதோட சுத்தி இருக்கிற வேற விஷயமும் சேர்ந்து போகும். டைல்ஸ் இடுக்குல இருக்கிற சிமெண்ட்டை அரிக்கும், மார்பிள் தரையில ஒரு சொட்டு பட்டா தழும்பு நிரந்தரம், அதோட புகையே பைப், கீல், திருகாணி எல்லாத்தையும் துருப்பிடிக்க வைக்கும். தோல்ல பட்டா புண், கண்ணுல பட்டா பார்வைக்கே ஆபத்து. லேபிள் இல்லாத பாட்டில்ல, அதுவும் தண்ணி பாட்டில்ல ஊத்தி வெக்கிற பழக்கம் எந்த வீட்ல இருந்தாலும் இன்னைக்கே நிறுத்துங்க, குழந்தைங்க குடிச்சிடும்.

எந்த ஆசிட் ஆனாலும் மேல பட்டா ஓடுற தண்ணில பதினஞ்சு இருபது நிமிஷம் விடாம கழுவணும், சோடா, பேஸ்ட்னு எதையும் பூசக் கூடாது. கண்ணுன்னா கழுவிக்கிட்டே ஆஸ்பத்திரி ஏற்பாடு பண்ணணும்.

ப்ளீச் எவ்ளோ தண்ணில எவ்ளோ கலக்கணும்?

பாட்டில்ல 5 சதவீதம்னு போட்டிருந்தா, சீட், பட்டன், கைப்பிடி எல்லாம் துடைக்க ஒரு லிட்டர் தண்ணிக்கு 20 மில்லி, அதாவது 0.1 சதவீதம். வாந்தி, பேதி, ரத்தம் பட்ட இடம்னா 900 மில்லி தண்ணிக்கு 100 மில்லி, 0.5 சதவீதம் ஆகும். பச்சைத் தண்ணிலதான் கலக்கணும், வெந்நீர்ல இல்ல. அன்னன்னைக்குக் கலக்கினதை அன்னைக்கே காலி பண்ணிடுங்க, மறுநாள் அதுல சத்து இருக்காது. அழுக்கு மேல நேரா ஊத்தினாலும் வேலை செய்யாது, முதல்ல சோப்புத் தண்ணி, அப்புறம்தான் ப்ளீச். இன்னொண்ணு முக்கியம், ப்ளீச் தண்ணியால துடைச்சதும் பத்து நிமிஷம் ஈரமா இருக்கணும், அப்புறம் தானா காய விடுங்க.

பிரஷ்ஷே அசிங்கம், கையுறை போட்டு ஸ்க்ரப்பரால தேய்க்கிறதுதான் சுத்தம்னு எங்க வீட்ல சொல்றாங்க. எது சரி?

ரெண்டு கட்சிக்கும் நியாயம் இருக்கு. கையால தேய்ச்சா மூலை நல்லா போகும், கறை எங்க இருக்குன்னு விரலுக்குத் தெரியும், எங்க அத்தை அப்படித்தான், அவங்க கழுவின கோப்பை மாதிரி நான் இன்னும் கழுவினதில்ல. ஆனா தினமும் அது நடக்காது, தினமும் நடக்கிறதுக்கு பிரஷ் கை எட்டுற தூரத்துல இருக்கணும்.

பிரஷ் அசிங்கமாகுறது பிரஷ்ஷோட குத்தம் இல்ல, ஈரத்தோட ஸ்டாண்டுக்குள்ள சொருகுறதுதான் குத்தம். அந்த ஸ்டாண்டைத் தூக்கிப் பாருங்க, அடில ரெண்டு விரல் உயரத்துக்குப் பழுப்புத் தண்ணி நிக்கும், நாம அதுல முக்கின பிரஷ்ஷால அடுத்த நாள் தேய்க்கிறோம். தேய்ச்சு முடிச்சதும் ஃப்ளஷ் தண்ணிலயே பிரஷ்ஷை அலசி, கைப்பிடியை சீட்டுக்கு அடியில நசுங்குற மாதிரி வெச்சு, முடி கோப்பைக்கு மேல தொங்க அஞ்சு நிமிஷம் விட்டா சொட்டு வடிஞ்சிடும். வாரம் ஒரு தடவை ஸ்டாண்டையும் பிரஷ்ஷையும் கலக்கின ப்ளீச்சுல கால் மணி நேரம் போட்டு எடுங்க, அன்னைக்கு ஆசிட் வேணாம். முடி சாய்ஞ்சு படுத்துட்டா தூக்கிப் போட்டுடுங்க. சிலிகான் பிரஷ் சீக்கிரம் காயும், அழுக்கு ஒட்டாது, ஆனா கெட்டி உப்பைத் தேய்க்க அதுக்கு பலம் பத்தாது, ரெண்டும் வெச்சிருக்கேன்.

கையுறையும் துணியும் டாய்லெட்டுக்குத் தனி. பிரிட்டன் ஆஸ்பத்திரிங்கள்ல டாய்லெட் பாத்ரூம் துணி, பக்கெட் எல்லாம் சிவப்பு, சமையல் இடத்துக்குப் பச்சைன்னு கலர் பிரிச்சு வெச்சிருக்காங்க, அதை வீட்டுக்கு எடுத்துக்கிட்டது ரொம்ப உதவியா இருக்கு, யார் எடுத்தாலும் மாறாது.

எங்க ஆரம்பிச்சு எங்க முடிக்கணும்?

மேலருந்து கீழ, சுத்தமானதுலருந்து அழுக்கானதுக்கு. முதல்ல ஃப்ளஷ் பண்ணி கோப்பைக்குள்ள க்ளீனர் ஊத்திட்டு, ஃப்ளஷ் பட்டன், கதவுக் கைப்பிடி, டேங்க், மூடி, சீட் மேல்பக்கம், சீட் அடிப்பக்கம், கடைசியா விளிம்பு. அப்புறம் கோப்பைக்குள்ள, அப்புறம் வெளிப்பக்கம், அடி, தரை.

எல்லாரும் விடுற இடம் மூணு. ஒண்ணு விளிம்போட உள்மடிப்பு, ஒரு சின்னக் கண்ணாடியைக் கீழ பிடிச்சுப் பாருங்க, தண்ணி வர்ற ஓட்டையெல்லாம் உப்பு அடைச்சிருக்கும், ஃப்ளஷ் வலுவா வரலைன்னு சொல்ற பாதி வீட்ல காரணம் அதுதான். ரெண்டு, சீட்டை மாட்டியிருக்கிற கீல், அதைச் சுத்தி பழைய டூத் பிரஷ்தான் நுழையும், கழட்டுற மாடலா இருந்தா மாசம் ஒரு தடவை கழட்டிடுங்க. மூணு, கோப்பை தரையில உக்கார்ற ஓரம். எவ்ளோ கழுவினாலும் நாத்தம் வருதுன்னு சொல்றவங்க முதல்ல இந்த ஓரத்தை முட்டி போட்டுப் பாருங்க.

மூடியை மூடிட்டு ஃப்ளஷ் பண்ணணுமா?

மூடுங்க, நல்ல பழக்கம்தான், ஆனா மூடினா எல்லாம் சரின்னு நினைக்காதீங்க. 2022ல அமெரிக்காவுல கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்துல, மூடி இல்லாத, பொது இடத்துல வெக்கிற மாதிரி டாய்லெட்டை பச்சை லேசர் அடிச்சுப் படம் எடுத்தாங்க, ஃப்ளஷ் பண்ணதும் கிளம்புற துளி எட்டு செகண்டுல ஒன்றரை மீட்டர் உயரத்துக்குப் போச்சு. அதைப் பார்த்தா மூடிட்டுப் போகத்தான் தோணும். ஆனா 2024ல அரிசோனா பல்கலைக்கழக ஆய்வுல, மூடி திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் சுத்தி இருக்கிற இடத்துல வைரஸ் படியுறதுல பெரிய வித்தியாசம் இல்லன்னு வந்தது, இடுக்கு வழியா காத்து வந்துடுது. கிருமிநாசினி ஊத்தி பிரஷ் போட்டு கழுவினதுதான் நிஜமா குறைச்சது. 1975லயே சார்லஸ் கெர்பாங்கிற ஆராய்ச்சியாளர் காட்டியிருக்கார், திரும்பத் திரும்ப ஃப்ளஷ் பண்ணாலும் கோப்பைல ஒட்டின கிருமில ஒரு பங்கு போகவே போகாதுன்னு. அதனால ஃப்ளஷ் பண்றது கழுவுறது ஆகாது. டூத் பிரஷ்ஷை மட்டும் டாய்லெட் இருக்கிற ரூம்ல திறந்து வெக்காதீங்க.

டேங்க்குள்ள போடுற நீலக் கட்டி நல்லதா?

வாசனைக்கும் கண்ணுக்கும் நல்லா இருக்கும். ஆனா ப்ளீச் வகைக் கட்டி டேங்க் தண்ணில நாள் முழுக்க ஊறி உள்ள இருக்கிற ரப்பரை நைஞ்சு போக வைக்கும், அப்புறம் மேல சொன்ன கசிவு. வேணும்னா கோப்பை ஓரத்துல மாட்டுறதை வாங்குங்க. எதைப் போட்டாலும் பிரஷ்ஷுக்கு லீவு கிடையாது.

குத்தவெச்சு உக்கார்ற டாய்லெட்டுக்கு வேற முறையா?

கெமிக்கல் அதேதான். கால் வெக்கிற இடத்துல இருக்கிற கோடு கோடான பள்ளத்துல அழுக்கு சேரும், அங்க கெட்டி முடி பிரஷ் வேணும். ஆசிட் ஊத்தினா அந்த இடத்தை ரெண்டு தடவை தண்ணி விட்டு அலசணும், வெறுங்கால் படுற இடம். சோப்பு மிச்சம் இருந்தா வழுக்கும், வயசானவங்க இருக்கிற வீட்ல கழுவினதும் தண்ணியை வழிச்சு விட்டுடுங்க.

வீட்ல யார் கழுவணும்? எங்க வீட்ல எப்பவும் நான் மட்டும்தான்.

யூஸ் பண்ற எல்லாரும். இதுல எனக்கு வேற பதிலே கிடையாது. ஒருத்தர் தலையில மட்டும் போட்டா மத்தவங்களுக்கு அது எப்படி அழுக்காகுதுன்னே தெரியாது, தெரியாததனால இன்னும் அழுக்காக்குவாங்க. எங்க வீட்ல மாறினது எப்படின்னா நான் திட்டினதால இல்ல, எனக்குக் கையில அடிபட்டு ஒரு மாசம் வீட்டுக்காரர் கழுவினார். ரெண்டாவது வாரமே சீட்டுல சொட்டு இருந்தா அவரே துடைக்க ஆரம்பிச்சார். இப்போ பையனுக்குப் பன்னண்டு வயசு, கெமிக்கல் கொடுக்க மாட்டோம், ஆனா யூஸ் பண்ணிட்டுப் பார்த்து, ஒட்டியிருந்தா பிரஷ் போட்டுட்டு வர்றது அவன் வேலை, இதுல அவனுக்குக் கூச்சமே இல்ல. ஆள் வெச்சுக் கழுவ வெக்கிறீங்கன்னா அவங்களுக்கு நல்ல கையுறையும் பூட்ஸும் நீங்க வாங்கித் தரணும், வெறுங்கையில செய்ய விடாதீங்க, எந்த பாட்டிலை எதோட சேர்க்கக் கூடாதுன்னும் சொல்லிடுங்க.

ஆம்பளைங்க உக்காந்து போகணும்னு சொல்றது ஓவரா?

ஓவர் இல்ல. நின்னு போனா கண்ணுக்குத் தெரியாத சொட்டு சுவர், தரை, அந்த அடி ஓரம் எல்லாம் தெறிக்குது. உக்காருங்க, இல்லன்னா நீங்களே துடைங்க.

வீட்ல ஒருத்தருக்கு வாந்தி பேதி, என்ன பண்ணணும்?

முடிஞ்சா அவங்களுக்குத் தனி டாய்லெட். இல்லன்னா அவங்க போயிட்டு வந்ததும் சீட், பட்டன், குழாய், கைப்பிடி ப்ளீச் தண்ணில. நோரோவைரஸ்னு ஒண்ணு இருக்கு, வீட்ல ஒருத்தருக்கு வந்தா வரிசையா எல்லாருக்கும் வர்றது பெரும்பாலும் அதுதான், சானிடைசருக்கு அது சரியா சாகாது, பினாயில், வினிகர் எல்லாம் நம்ப முடியாது. மேல சொன்ன 0.5 சதவீத ப்ளீச் தண்ணி, அஞ்சு நிமிஷமாவது ஈரமா இருக்கணும். வாந்தி தரையில விழுந்தா முதல்ல பேப்பரால மூடி அள்ளிட்டு அப்புறம் ப்ளீச். கையை சோப்பு போட்டு ஓடுற தண்ணிலதான் கழுவணும். உடம்பு சரியான பிறகும் ரெண்டு வாரம் வரை, சில பேருக்கு அதுக்கு மேலயும், அந்த வைரஸ் வெளிய வந்துட்டே இருக்கும், அதனால சரியாயிடுச்சேன்னு உடனே விட்டுடாதீங்க.

எல்லாம் கழுவியும் நாத்தம் வருது?

முதல்ல அடி ஓரம். ரெண்டாவது யூஸ் பண்ணாத தரைக்குழி. டாய்லெட் கீழ வளைஞ்ச குழாய்ல எப்பவும் கொஞ்சம் தண்ணி நிக்கும், 1775ல அலெக்சாண்டர் கம்மிங் பேட்டன்ட் எடுத்த வளைவு அது, சாக்கடைக் காத்து மேல வராம தடுக்கிறதே அந்தத் தண்ணிதான். ஊருக்குப் போய் ரொம்ப நாள் பூட்டிக் கிடந்தா அது காஞ்சிடும், தரைக்குழிலயும் அப்படித்தான், ஒரு மக் தண்ணி ஊத்தினா நாத்தம் நின்னுடும். அதுக்கும் நிக்கலைன்னா கோப்பை ஆடுதான்னு பாருங்க, ஆடினா அடில இருக்கிற சீல் விட்டிருக்கும், பிளம்பரைக் கூப்பிடுங்க.

செப்டிக் டேங்க் இருக்கிற வீட்ல ப்ளீச் ஊத்தலாமா?

வாரம் ஒரு தடவை அளவா ஊத்தினா ஒண்ணும் ஆகாது. பாட்டில் பாட்டிலா ஊத்தினா உள்ள கழிவைச் செரிக்கிற பாக்டீரியா செத்துடும். ஈரத் துடைப்பான் பேப்பரை மட்டும் எந்த வீட்லயும் உள்ள போடாதீங்க, ஃப்ளஷ் பண்ணலாம்னு பாக்கெட்ல போட்டிருந்தாலும் டிஷ்யூ மாதிரி கரையாது, அடைக்கும்.

ஆஸ்துமா இருக்கு, நெடியே ஆகாது, எப்படிக் கழுவ?

ஸ்ப்ரே வகை வேணாம், துணியில ஊத்தித் துடைங்க. சிட்ரிக் ஆசிட், சோப்புத் தண்ணி, தினமும் பிரஷ், இது மூணே போதும். ப்ளீச் கட்டாயம் வேணும்ங்கிற அன்னைக்கு வேற யாராவது செய்யட்டும், எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டு ஒரு மணி நேரம் கழிச்சு உள்ள போங்க.

வாடகை வீடு மாறினோம், முன்னாடி இருந்தவங்க விட்டுட்டுப் போன பல வருஷக் கறை, போகுமா?

தொண்ணூறு பங்கு போகும், அவசரப்படாதீங்க. நாங்க இப்போ இருக்கிற வீட்ல கோப்பை அடி காபிப்பொடி கலர்ல இருந்தது, புதுசு மாத்தணும்னே நினைச்சேன். முதல்ல ஒரு பக்கெட் தண்ணியை வேகமா ஊத்தி, நிக்கிற தண்ணி இறங்கினதும் மிச்சத்தை ஸ்பாஞ்சால உறிஞ்சி எடுத்தேன், ஏன்னா தண்ணி இருந்தா எதை ஊத்தினாலும் நீர்த்துடும். அப்புறம் சிட்ரிக் ஆசிட்டை சூடு ஆறின வெந்நீர்ல கெட்டியா கரைச்சு கறை மூழ்குற மாதிரி ஊத்தினேன், கொதிக்கிற தண்ணி கூடாது, பீங்கான் விரிசல் விடும். சைடுல இருந்த கறைக்கு டிஷ்யூ பேப்பரை அதுல நனைச்சு ஒட்டிட்டு ராத்திரி அப்படியே விட்டோம். காலைல ஒரு பழைய பிளாஸ்டிக் கரண்டியால சுரண்டினா தகடு தகடா பெயர்ந்து வந்தது, உள்ள வெள்ளை. இதையே மூணு ராத்திரி செஞ்சோம். அடில ஒரு ரூபாய்க் காசு அளவுக்குக் கடைசியா பிடிவாதம் பிடிச்சதை ஈரமான ப்யூமிஸ் கல்லால மெதுவா, தண்ணி தொட்டுத் தொட்டு எடுத்தோம், உலர்ந்த கல்லால தேய்ச்சா கீறல் விழும், இரும்பு பிரஷ்ஷும் கத்தியும் வேணவே வேணாம். நாலாம் நாள் காலைல வீட்டுக்காரர் கூப்பிட்டுக் காட்டினார், பின்சுவர்ல கம்பெனி முத்திரையே தெரிஞ்சது, அது வரைக்கும் அங்க ஒண்ணு இருக்குன்னே எங்களுக்குத் தெரியாது.